வெள்ளைப் பின்னணி

கல்யாணமாகி வள்ளியூருக்கு வந்த எட்டாம் நாள்
பால்பூத்காரர் கேட்டார்:
"என்னம்மா, வீட்ல சடவா?"
ஏதோ குழம்பு என்று நினைத்து
"இல்லீங்கண்ணா, ரசம்தான்" என்றேன்.
கோபிச்செட்டிபாளையத்துக்காரிக்கு
அது ஒரு நோயாகவும் இருக்கலாம்,
கோயில் கொடையாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.
கோபம் தட்டை எறியும்.
சடவு தட்டைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து,
இவர் கைக்கு எட்டாத பலகையில் கவிழ்த்து வைக்கும்.
என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல".
அந்த ஒண்ணுமில்லையை நிறுக்க
ரைஸ்மில் தராசு வேண்டும்.

இன்றைக்கு மூன்றாம் நாள்.
காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்.
இவர் அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்கு
இரண்டு பேரும்தான் படம் எடுத்தோம்.
ஆல்பத்தில் நூற்றிநாற்பது படம்.
என்னுடையது ஒன்றுகூட இல்லை.
சிரிக்கவில்லையா, சரி.

லிங்கதுரை டிஜிட்டல், பத்துக்கு எட்டு அறை.
அதற்குள் இரண்டு பேர் பேசாமல் வேலை பார்க்க
மூன்றாவது ஆள் தேவை.
"லைட்டை இறக்கினா நல்லாருக்கும், இல்லீங்களா தம்பி?"
"மெமரி கார்டு எங்கன்னு கேளு மக்கா."
ப்ளஸ் டூ பையன்கள் தபால்காரராகி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவார்கள்.

பதினோரு மணிக்குச் சுயம்புராஜ் வந்தார்.
"படத்தத் தள்ளிட்டாவ.
புருவம் சுருங்கியிருக்காம். பாஸ்போட்டுக்கு ஆவாதாம்."
மகன் மஸ்கட்டில். பேரன் பிறந்து ஏழு மாதம்.
ஸ்டூலில் உட்கார்ந்தார்.
நெற்றி நடுவில் இரண்டு கோடு,
சுவரில் ஆணி பிடுங்கிய தடம்போல.
"நெத்திய விடுங்கண்ணா."
"விட்டுத்தான் இருக்கேன்."
கிணற்று மோட்டார் முறையில் தம்பியோடு சடவு,
பத்தொன்பது வருஷம்.
முதலில் அவர் நெற்றியைப் பிடித்திருந்தார்.
பிறகு நெற்றி அவரைப் பிடித்துக்கொண்டது.

"நாடிய இறக்கச் சொல்லுங்க" என்றேன், பழக்கத்தில்.
"யார்ட்ட சொல்ல?"
"உங்ககிட்டத்தான்."
"என்ட்ட நானே சொல்லணுமா?"
கேமராவுக்குப் பின்னாலிருந்து இவர்:
"கண்ணாடியக் கழத்தச் சொல்லியாச்சான்னு கேளுங்க."
சுயம்புராஜ் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.
"எய்யா, நீங்க ரெண்டுபேரும் சடவா!"
சிரிக்க ஆரம்பித்தார்.
ஸ்டூல் ஆடியது, வெள்ளைத் திரை ஆடியது,
கடைவாய்த் தங்கப்பல் வரை தெரிந்தது.
சிரிப்பும் ஆகாது பாஸ்போர்ட்டுக்கு.

சிரிப்பு வடிந்து
கோடு திரும்பி வருவதற்குள்
ஒரு நொடி அந்த முகம் காலியாக இருந்தது,
சாவி இன்னும் கைமாறாத வீடு மாதிரி.
"இப்போ" என்றேன்,
யாரிடமும் சொல்லச் சொல்லாமல்.
சொல்லும்போதே ஃப்ளாஷ் அடித்துவிட்டது.

எட்டு காப்பி, நூறு ரூபாய்.
வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
வெகு நேரம் பார்த்தார்.
"இது அவன் மூஞ்சியாட்டம்லா இருக்கு."
ஏழை உறையில் போட்டார்.
ஒன்றைச் சட்டைப் பையில் போட்டார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்டால் ஒண்ணுமில்ல என்பார்.

எங்களுக்கு அத்தோடு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள்.
"இப்போ" ஒரே சொல், கணக்கில் வராது.
சாயங்காலம் வரை பிரிண்டர் மட்டும் பேசியது.

ஒன்பது மணிக்கு ஷட்டர்.
துருவேறியது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் இறங்கும்.
இவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த ஆடிக்காற்று
ரோட்டுப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது.
இருவருக்கும் கண் இடுங்கிப் புருவம் நெறிந்தது.
பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.
எவ்வளவு காற்று, எவ்வளவு சடவு என்று
எங்களுக்கே பிரிக்கத் தெரியவில்லை.